கோவிந்தசாமி ஏன் கிடைக்கவில்லை? குடியாத்தம் கைலிக் கணக்கில் ஒரு டெவலப்பரின் திறன்: நிகழ்வு ஆய்வு

குடியாத்தத்தில் தறிக்காரர்களுக்குப் பாவு கொடுத்துக் கைலி நெய்து வாங்கும் ஒரு ஜவுளி வியாபாரியின் கணக்கு மென்பொருளை, காட்பாடியில் இருக்கும் எங்கள் சிறிய குழு பராமரிக்கிறது. அதில் வந்த ஒரு பிழையை எங்கள் டெவலப்பர் ஒருவர் பிடித்துத் திருத்திய விதத்தை இங்கே பதிவு செய்கிறேன். அவர் பேரணாம்பட்டுப் பக்கத்துப் பெண். தமிழ் வழியில் படித்து, அரசுக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர். வேலைக்கு வந்தபோது அவர் கொடுத்த விண்ணப்பத்தில் ஜாவா, பைத்தான், எஸ்கியூஎல், ரியாக்ட் என்று எல்லோரும் போடுகிற பட்டியல்தான் இருந்தது. வேலூர் வட்டாரத்தில் வருடந்தோறும் படித்து வெளியே வருகிற பிள்ளைகளின் விண்ணப்பங்களை அருகருகே வைத்தால் பெயரைத் தவிர வேறு வித்தியாசம் தெரியாது. ஒரு டெவலப்பரின் உண்மையான பலம் எங்கே தெரிகிறது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த தெளிவான விடை இந்த நிகழ்வு. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

கணக்கின் அமைப்பு

வியாபாரி தறிக்காரருக்குப் பாவும் ஊடை நூலும் கொடுப்பார். நெய்து வரும் கைலிக்குக் கூலி வரவு வைக்கப்படும். கல்யாணம், மருத்துவம், தறி பழுது என்று வாங்கும் முன்பணம் பற்றில் போகும். வாரக் கடைசியில் பற்றும் வரவும் நேர் செய்து பணம் பட்டுவாடா ஆகும். நெல்லூர்பேட்டை, தரணம்பேட்டை, பிச்சனூர் என்று ஊருக்குள் இருக்கும் தறிகளும், சுற்றுக் கிராமத்துத் தறிகளும் இந்தக் கணக்கில் உண்டு.

இந்தக் கணக்கு பல ஆண்டுகள் ஒரு பழைய கணினியில், எழுத்துரு சார்ந்த குறியேற்றத்தில் (எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் முறை) தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்ற குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தரமாக்கப்பட்டன. 2010 ஜூனில் உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக எண் தரும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது. ஆனால் கடைத்தெருக் கணக்கு அரசாணையைப் பார்த்து மாறுவதில்லை. கணினி பழுதாகும்போதுதான் மாறும். அப்படி ஒரு நாள் பழைய கோப்புகளை எல்லாம் மாற்றுநிரல் ஒன்றின் வழியாக யூனிகோடுக்குக் கொண்டுவந்து புதிய மென்பொருளில் ஏற்றினார்கள். அந்த வேலை நடந்தபோது இந்தப் பெண் குழுவில் இல்லை.

புகார்

கணக்கர் ஐயா போனில் சொன்னது இது: "ஏம்மா, ஆளு ஒருத்தர்தான், கணக்கு ரெண்டா கீது. ஒண்ணுல முன்பணம் நிக்குது, இன்னொண்ணுல கூலி நிக்குது. கூலி வாங்க வந்த மனுசன்கிட்ட நீதான் பாக்கின்னு எப்டிம்மா சொல்றது?"

நடந்தது இதுதான். தறிக்காரர் வருகிறார், கடைப் பையன் 'கோவிந்தசாமி' என்று தேடுகிறான், திரையில் ஒன்றும் வரவில்லை. புது ஆள் போலிருக்கிறது என்று புதிய கணக்குத் திறக்கிறான். பழைய கணக்கில் முன்பணப் பற்று அப்படியே கிடக்கிறது. அறிக்கை எடுத்தால் அந்த மனிதர் வாங்கிய கடனைத் திருப்பவே இல்லை என்று வருகிறது. இரவு பகலாகத் தறியில் உட்கார்ந்து உழைத்தவரைக் கடன்காரராகக் காட்டும் பிழை இது. இதைச் சிறிய பிழை என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

குழுவுக்குள் உடனே மூன்று யோசனைகள் வந்தன. கடைப் பையன் பெயரைத் தப்பாக அடித்திருப்பான் என்றார் ஒருவர். தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ் கெட்டிருக்கும், மறுபடி கட்டலாம் என்றார் இன்னொருவர். மூன்றாமவர், ஏறத்தாழ ஒத்த பெயர்களையும் காட்டும்படி டிரைகிராம் தேடல் போட்டுவிடலாம், ஒரே நாளில் முடிந்துவிடும் என்றார். மூன்றாவது யோசனை வாடிக்கையாளருக்கும் பிடித்திருக்கும். ஆனால் கோவிந்தசாமியைத் தேடினால் கோவிந்தனும் வருவார், குழந்தைசாமியும் வரக்கூடும். அவசரத்தில் பையன் வேறொருவர் கணக்கில் கூலியை ஏற்றிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அந்தப் பெண், "கெடைக்காத பேரெல்லாம் ஒரு தாள்ல எழுதித் தரச் சொல்லுங்க சார், அதுக்கப்புறம் பேசலாம்" என்றார்.

தாளில் இருந்த துப்பு

வாட்ஸ்அப்பில் வந்த தாளின் படத்தில் கோவிந்தசாமி, பொன்னுசாமி, யசோதா, கோதண்டம், சரோஜா, லோகநாதன், அசோகன் என்று பெயர்கள் இருந்தன. கடைசியில் ஸ்ரீராமுலு. கிடைக்கிற பெயர்களையும் அவர் தனியாகக் கேட்டு வாங்கினார்: முருகன், வேலு, தசரதன், குப்பம்மாள், சின்னராஜ். நான் கவனித்தவரை இது பலரும் செய்யாத வேலை. பிழை வரும் இடத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். பிழை வராத இடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் குறைவு.

இரண்டு பட்டியலையும் வாய்விட்டுப் படித்துவிட்டு அவர் சொன்னார்: "இதுல எல்லாத்துலயும் ஒகரமோ ஓகாரமோ இருக்கு சார். அதுல ஒண்ணுகூட இல்ல. ஸ்ரீராமுலு மட்டும் வேற கதை."

அதன் பிறகு அவர் திரையை நம்பவில்லை. தரவுத்தளத்திலிருந்து இரண்டு கோவிந்தசாமிகளையும் எடுத்து, பைத்தானில் ஒவ்வொரு குறிக்கும் உரிய யூனிகோடு எண்ணை அச்சிட்டார். புதிய கணக்கில் இருந்த பெயர் இப்படித் தொடங்கியது: 2965, 3019. அதாவது க, அதன் பின் ோ. பழைய கணக்கில் இருந்த பெயர்: 2965, 3015, 3006. அதாவது க, ே, ா. கண்ணுக்கு இரண்டும் 'கோ'தான். ஒன்றில் 11 குறிகள், இன்னொன்றில் 12. யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும் என்பதால் ஒன்று 33 பைட், மற்றது 36 பைட். சமமா என்று கேட்டால் தரவுத்தளம் பைட்டைத்தான் ஒப்பிடும். இல்லை என்றுதான் சொல்லும்.

காரணம் பழைய எழுத்துருவில் இருந்தது. அங்கே எழுத்துகள் கண்ணில் படும் வரிசையிலேயே சேமிக்கப்படும்: முதலில் இரட்டைக் கொம்பு, அடுத்து க, கடைசியில் கால். மாற்றுநிரல் கொம்பைத் தூக்கி க-வுக்குப் பின்னால் வைத்தது. அது சரியே. ஆனால் கொம்பையும் காலையும் ஒரே குறியாகச் சேர்க்காமல் விட்டுவிட்டது. கைபேசி விசைப்பலகையோ ோ என்பதை ஒரே குறியாகத் தருகிறது. இரட்டைக் கணக்குகளின் தேதிகளை அவர் ஒப்பிட்டுப் பார்த்தபோது ஒவ்வொரு சோடியிலும் ஒன்று பழைய கோப்பிலிருந்து ஏற்றியதாகவும், மற்றது பிறகு கையால் அடித்ததாகவும் இருந்தது. ஊகம் அந்த இடத்தில் உறுதியானது. அதுவரை அவர் நிரலில் ஒரு வரிகூட மாற்றவில்லை.

திருத்தம்: இங்கேதான் திறன் தெரிந்தது

கொம்பும் காலும் பிரிந்த வடிவமும் சேர்ந்த வடிவமும் ஒன்றே என்று யூனிகோடு தரமே வரையறுத்திருக்கிறது. என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தைச் செய்தால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். பைத்தானில் அதற்கு ஒரு வரி போதும். நாங்கள் பயன்படுத்தும் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸின் 13ஆம் பதிப்பிலிருந்து தரவுத்தளத்துக்குள்ளேயே செய்யலாம். இணையத்தில் தேடினால் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் விடைதான். அந்த ஒரு வரியைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லியிருக்கலாம்.

அதற்குள் குழுவில் ஒரு தம்பி வேறொரு ஆயத்த நிரல்துண்டைக் கொண்டுவந்தார். பெயரைக் கூறுகூறாகப் பிரித்து, எழுத்தின் மேல் ஒட்டும் குறிகளை எல்லாம் நீக்கிவிட்டுத் தேடுவது. பிரெஞ்சுப் பெயர்களுக்கு மிகப் பொருத்தமான வழி. அந்தப் பெண் அதை மறுத்துப் பேசவில்லை. 'மீனா' என்ற பெயரை அதற்குள் செலுத்திக் காட்டினார். 'மனா' என்று வெளியே வந்தது. 'சீதா'வைக் கொடுத்தால் 'சதா'. 'கண்ணன்' 'கணணன' ஆனார். தமிழில் ஈகாரக் குறியும் புள்ளியும் யூனிகோடின் வகைப்பாட்டில் அந்த ஒட்டுக்குறிகளோடு சேர்க்கப்பட்டிருக்கின்றன. ா, ி, ு போன்றவை வேறு வகையில் இருக்கின்றன. ஆகவே அந்த நிரல்துண்டு சில உயிர்க்குறிகளைத் தின்றுவிடும், சிலவற்றை விட்டுவிடும். அதற்குப் பிறகு விவாதம் தேவைப்படவில்லை. பிறமொழிக்காக எழுதப்பட்ட நிரலைத் தன் மொழியின் பெயர்களால் சோதித்துப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். தமிழருக்கு மென்பொருள் எழுதும் யாருக்கும் இது அடிப்படைத் தகுதி என்பதே என் கருத்து.

என்எஃப்சி தீர்க்காத விஷயங்களை அவர் தனியே எடுத்து வைத்தார். முதலாவது ஸ்ரீராமுலு. ஸ, புள்ளி, ர, ீ என்று அடித்தாலும் 'ஸ்ரீ' வரும். 2005இல் யூனிகோடு 4.1இல் சேர்க்கப்பட்ட ஶ என்ற எழுத்தை வைத்து அடித்தாலும் பல எழுத்துருக்களில் அதே உருவம்தான் வரும். தரத்தின் கண்ணில் இவை வேறுவேறு சொற்கள். இயல்பாக்கம் இவற்றைத் தொடாது. தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைந்த இந்த வட்டாரத்தில் ஸ்ரீராமுலு, ஸ்ரீதர், ஸ்ரீதேவி என்ற பெயர்களுக்குக் குறைவில்லை.

இரண்டாவது ஔகாரம். ௌ குறியின் பின்பகுதி ள போலவே இருப்பதால் கௌரி என்பதைப் பலர் கெ, ள, ரி என்று மூன்று எழுத்தாக அடித்துவிடுகிறார்கள். குடியாத்தத்தின் நடுவே ஓடும் கௌண்டன்ய மகாநதியின் பெயரே முகவரிப் பகுதியில் இரண்டு விதமாகவும் இருந்தது. இதை நிரல் தானாகத் திருத்தக் கூடாது. ஏனென்றால் தெளிவு, வெளி, கெளுத்தி என்று உண்மையிலேயே ள வருகிற சொற்கள் உண்டு. ள-வுக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ வராத இடங்களை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றையும் கணக்கர் ஐயாவின் பார்வைக்கு அனுப்பினார்.

மூன்றாவது, எங்கோ நகலெடுத்து ஒட்டியபோது உள்ளே புகுந்த, கண்ணுக்கே தெரியாத இணைப்புநீக்கிக் குறி, 8204. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நீக்கினால் போதும்.

இந்த மூன்றுக்கும் அவர் எடுத்த முடிவுதான் இந்த ஆய்வின் மையம். அட்டவணையில் பெயர் இருக்கும் பத்தியில் (நெடுவரிசையில்) என்எஃப்சி மட்டும் செய்தார். அது தரமே 'ஒன்று' என்று சொல்லும் மாற்றம், யாருடைய பெயரும் அதனால் மாறாது. ஸ்ரீ, ஔகாரம் போன்றவற்றை அந்தப் பத்தியில் தொடவே இல்லை. தேடலுக்கென்று தனிப் பத்தி ஒன்றை உருவாக்கி, ஒத்துப்போகச் செய்யும் மாற்றங்களை எல்லாம் அங்கே வைத்தார். தறிக்காரரின் பெயர் அவர் வங்கிப் பாஸ்புக்கில் எப்படி இருக்கிறதோ அப்படியே கணக்கில் இருக்கும். தேடும்போது மட்டும் எந்த வடிவத்தில் அடித்தாலும் கிடைக்கும். கெங்காதரனையும் கங்காதரனையும் சேர்க்கலாமா என்ற கேள்வியும் வந்தது. இந்த ஊரில் அம்மனே கெங்கையம்மன்தான். பெயரை எப்படி எழுதுவது என்பது அந்தந்த வீட்டின் முடிவு, நிரல் அதில் தலையிட வேண்டாம் என்று அவர் விட்டுவிட்டார். மிகச் சரியான முடிவு.

இயல்பாக்கும் வேலையை ஒரே செயற்கூற்றில் (ஃபங்ஷன்) எழுதி, புதிய கணக்கு சேமிக்கும் இடம், கோப்பு ஏற்றும் இடம், தேடும் இடம் ஆகிய மூன்றிலும் அதையே அழைத்தார். தரவுத்தளத்திலும் ஒரு கட்டுப்பாடு வைத்தார். இனி யார் எந்த வழியாக வந்தாலும் பிரிந்த கொம்பும் காலும் உள்ளே நுழைய முடியாது.

இரட்டைக் கணக்குகளைச் சேர்த்தது

பெயர் ஒன்றானதும் இரட்டைக் கணக்குகளைத் தானாகச் சேர்த்துவிடும் நிரல் எழுதுவது எளிது. அவர் எழுதவில்லை. ஒரே தெருவில் ஒரே பெயரும் ஒரே முன்னெழுத்தும் கொண்ட இரண்டு பேர் இருப்பது இங்கே சாதாரணம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் இருக்கும்வரை அப்படித்தான் இருக்கும். முகவரியையும் நம்ப முடியவில்லை. பழைய பதிவுகளில் மாவட்டம் 'வட ஆற்காடு' என்றே இருந்தது. 1989இல் அந்த மாவட்டம் பிரிந்து வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமாகி, பின்னர் வேலூர் மாவட்டமாகி, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியே போன வரலாறு முழுவதும் அந்த ஒரு பத்தியில் கலந்து கிடந்தது.

ஆகவே சந்தேகப்படும் சோடிகளை வலமும் இடமுமாகக் காட்டும் ஒரு திரையைச் செய்தார்: பெயர், தெரு, கடைசியாகப் பாவு வாங்கிய தேதி, பற்று, வரவு. 'ஒரே ஆள்', 'வேறு ஆள்', 'விசாரிக்கணும்' என்று மூன்று பொத்தான்கள். சேர்த்தபின் தவறு தெரிந்தால் பிரிக்கவும் வழி வைத்தார். கணக்கர் ஐயா ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இவரு ரெண்டாங் கோவிந்தசாமி, பிச்சனூர்காரரு, இவுங்கள சேத்துடாத கண்ணு" என்று அவர் சொன்ன இடங்கள் இருந்தன. எந்த நிரலாலும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்த நாட்களில் ஊரில் தறி ஓடாது, கடையில் பட்டுவாடாவும் இருக்காது. நேரடித் தரவில் கைவைக்க அந்த இடைவெளியைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான்.

அகரவரிசை

இது பக்கவாட்டில் வந்த புகார். அச்சடித்த பட்டியலில் பெயர் தேடிக் கிடைக்கவில்லை என்று கணக்கர் ஐயா சொல்லிக்கொண்டே இருந்தார். முருகனுக்கு முன்னால் முனுசாமி வந்தார், சிவலிங்கத்துக்கு முன்னால் சின்னசாமி வந்தார், பச்சையம்மாளுக்கு முன்னால் பசுபதி வந்தார். தரவுத்தளம் வெறும் பைட் வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தது. யூனிகோடில் தமிழ் எழுத்துகளின் இடம் 1988ஆம் ஆண்டு இஸ்கி தரத்தைப் பின்பற்றி அமைந்தது. அந்தத் தரம் இந்திய எழுத்துகளை எல்லாம் ஒரே வரிசைத் தட்டில் வைத்தது. அதனால் ன என்பது ந-வுக்குப் பக்கத்திலும், ற என்பது ர-வுக்குப் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கின்றன. நம் நெடுங்கணக்கில் அவை கடைசி இரண்டு எழுத்துகள். புள்ளியின் எண்ணும் உயிர்க்குறிகளுக்குப் பின்னால் இருப்பதால் மெய்யெழுத்து உயிர்மெய்க்குப் பின் போய்விடுகிறது. மேலே சொன்ன மூன்று சோடிகளையும் அவர் சோதனைகளாக எழுதி, அவை தோற்பதை முதலில் காட்டினார். பட்டியல் எடுக்கும் வினவலில் ஐசியூ என்ற யூனிகோடு நிரல்தொகுப்பின் தமிழ் வரிசைமுறையைக் கொடுத்ததும் மூன்றும் தேறின.

குறைகள்

நன்றாகச் செய்தார் என்பதற்காகக் குறைகளை மறைத்தால் ஆய்வுக்கு அர்த்தமில்லை. தேடல் பத்திக்கு இண்டெக்ஸ் கட்டும் கட்டளையை அவர் சாதாரண முறையில் எழுதியிருந்தார். போஸ்ட்கிரெஸில் அப்படிக் கட்டும்போது அந்த அட்டவணையில் எழுத வருபவர்கள் முடியும்வரை காத்திருக்க வேண்டும். மறுபார்வையில் அதைப் பிடித்து, எழுதுவதைத் தடுக்காமல் கட்டும் முறைக்கு மாற்றினோம். திருவிழா நாளில் அது பாதிக்காமல் போயிருக்கலாம். அடுத்த முறை வேலை நாளில் செய்தால் பாதிக்கும்.

இன்னொன்று இதைவிடப் பெரியது. துப்பு கிடைத்த பிறகு அவர் யாரிடமும் பேசாமல் வேலைக்குள் மூழ்கிவிட்டார். வாடிக்கையாளர் கேட்டால் எங்களிடம் சொல்ல விடை இல்லை. கேட்டபோது, "முழுசா தெரிஞ்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன் சார்" என்றார். எண்ணம் நல்லதுதான். ஆனால் பாதி தெரிந்ததைப் பாதி தெரிந்தது என்றே சொல்லப் பழகுவதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதி. அவருடைய திரை வடிவமைப்பும் இன்னும் தேற வேண்டும். மூன்று பொத்தான்களும் ஒரே நிறத்தில் நெருக்கமாக இருந்ததால் கணக்கர் ஐயாவுக்குக் கை தவறியது. பிரிக்கும் வழி இருந்ததால் தப்பித்தோம்.

மதிப்பீடு

மொழிகளை வைத்துப் பார்த்தால் இந்த வேலைக்குத் தேவைப்பட்டது பைத்தானும் எஸ்கியூஎல்லும் மட்டுமே, அவையும் நடுத்தர அளவில்தான். அவர் விண்ணப்பத்தில் எழுதாதவைதான் வேலையை நடத்தின: பிழையை வாயால் கேட்காமல் தாளில் வாங்கியது, திரைக்குக் கீழே ஒரு படி இறங்கி எண்களைப் பார்த்தது, தமிழ் எழுத்து எப்படிக் கட்டப்படுகிறது என்று அறிந்திருந்தது, எதை நிரல் முடிவு செய்யலாம், எதைக் கணக்கர் முடிவு செய்ய வேண்டும் என்று கோடு போட்டது. இதில் கடைசியாகச் சொன்னதை நான் எந்தப் பாடத்திட்டத்திலும் பார்த்ததில்லை. வீட்டில் தறி ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவருக்குக் கூலிக் கணக்கு எவ்வளவு கனமானது என்று தெரியும், அதனால் வந்த நிதானம் அது என்று நினைக்கிறேன்.

இந்த நிகழ்வுக்குப் பின் ஆள் எடுக்கும் முறையில் ஒன்றை மாற்றினோம். வெள்ளைப் பலகையில் புதிர் போடுவதை நிறுத்திவிட்டு, ஒன்றுபோலத் தெரியும் இரண்டு கோவிந்தசாமிகள் இருக்கும் சிறிய தரவுக்கோப்பைக் கொடுத்து, ஏன் தேடலில் ஒன்று மட்டும் வருகிறது என்று கேட்கிறோம். கணினியில் எதை வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம், செயற்கை நுண்ணறிவு உதவியையும் பயன்படுத்தலாம். விடையைவிட, முதலில் எதைப் பார்க்கிறார்கள் என்பதைத்தான் குறித்துக்கொள்கிறோம்.

அந்தப் பெண்ணிடம் இப்போது சிட்டை அச்சிடும் பகுதியை ஒப்படைத்திருக்கிறோம். நீளமான பெயரைக் குறிகளின் எண்ணிக்கையை வைத்து வெட்டுவதால் உயிர்க்குறி தனியாக அடுத்த வரிக்குப் போய்விடுகிறது; எழுத்து முழுதாக இருக்கும்படி வெட்ட வேண்டும். ஒவ்வொரு மாலையும் தெரிந்தது, தெரியாதது என இரண்டு வரி எழுதி அனுப்ப வேண்டும் என்பது நாங்கள் போட்ட நிபந்தனை. 'விசாரிக்கணும்' பொத்தானில் நிற்கும் சோடிகளை கணக்கர் ஐயா பட்டுவாடா நாட்களில் ஆளை நேரில் பார்த்து முடித்துக்கொண்டிருக்கிறார்.